நடுக்கம்பம் இல்லாத வீடு

செப்டம்பர் 9, செவ்வாய்

மரம் வந்து இறங்கியது. அத்தனையும் சவுக்கு. உசிலை, உசிலை என்று மேஸ்திரி சின்னப்பையனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். "சவுக்குதான் மேடம் ஸ்ட்ராங்கு. ஒம்போது மாடி பில்டிங்குக்கே இதுலதான் சாரம் கட்றோம்" என்கிறார். சவுக்கு இந்த ஊருக்கு வந்தே இருநூறு வருஷம் ஆகவில்லை. நான் கட்டப்போவது நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய வீடு. அந்த மனுஷர்களுக்குச் சவுக்கு எந்தக் கப்பலில் வந்தது? லாரியைத் திருப்பி அனுப்பினேன்.

சின்னப்பையன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கொத்து வேலை, கூரை வேலை எல்லாம் தெரிந்தவர். இப்போது பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி அடையாறு வருகிறார். "எங்க குடிசைய ஆக்கிரமிப்புன்னு சொல்லி ஆத்தங்கரைலேந்து தூக்கிக் கடாசினாங்கோ. அதே ஆத்துக்கு இந்தாண்ட நீங்க போர்டு வச்சிக் குடிசை கட்றீங்கோ. நல்லாக்கீது மேடம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் மந்தைவெளி வீட்டுக்கு வந்து சேர்ந்து இவரிடம் புலம்பினேன். இவர் ஈஸிசேரில் சாய்ந்தபடியே என் வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். முப்பது வருஷம் அடுக்குமாடிகளுக்குத் தூணும் உத்தரமும் கணக்குப் போட்ட மனுஷர். "நிக்கும், ஷீலா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நாளெல்லாம் இருந்த எரிச்சல் இறங்கிவிட்டது.

செப்டம்பர் 14

இந்தக் குடிசை எதற்கு என்று அய்யாதுரைக்கு இன்று மூன்றாவது முறையாக விளக்கினேன். தி.நகரில் ஜவுளிக்கடை. அடையாறில் இருக்கிற இந்த மைதானம் அவர் குடும்ப அறக்கட்டளையுடையது. கட்டச் சொல்லி இடம் கொடுத்தவர். கேட்கிற கேள்வியெல்லாம் கேட்டுவிட்டு, பதில் சொல்லும்போது போனைப் பார்ப்பார்.

எனக்கே ஒரு தரம் எழுதி வைத்துக்கொள்கிறேன். ஜவ்வாது மலை அடிவாரம், மேட்டுக்கொல்லை. பதினைந்து வருஷத்துக்கு முன் நான் அங்கே அகழ்ந்தபோது ஒரு வீட்டின் அடி கிடைத்தது. வட்டமாகக் கம்பம் நட்ட குழிகள். நடுவில் ஒன்றுமில்லை. மண்டியிட்டு, தூரிகையால் கூட்டிக் கூட்டி நானே பார்த்தேன். நடுக்குழி இல்லை. சுவர் மண் மட்டும் வட்டத்துக்கு வெளியே சிதறிக் கிடந்தது. அது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

கருத்தரங்கில் இதைப் படித்தேன். பேராசிரியர் செம்பியன் எழுந்தார். "நடுக்கம்பம் இல்லாம அவ்வளவு பெரிய கூரை எப்படிம்மா நிக்கும்? நடுக்குழி இருந்திருக்கும். அவசரத்துல அதையும் சேர்த்து வெட்டித் தூக்கிப் போட்டிருப்பீங்க." அரங்கம் சிரித்தது. ஏதோ வீட்டுக்காரி சாம்பாரில் உப்பு போட மறந்த மாதிரி அல்லவா சொன்னார்! அதற்குப் பிறகு மேட்டுக்கொல்லையை யார் எழுதினாலும் அடிக்குறிப்பில் 'நடுக்குழி ஐயத்துக்குரியது' என்று ஒரு வரி. ஐயத்துக்குரியது குழி அல்ல. நான்தான்.

அதனால் கட்டுகிறேன். அதே அளவு, அதே மரம், அதே மண், பனைநார்க் கயிறு, மஞ்சம்புல் கூரை. ஓர் ஆணி கூடாது. ஒரு வடகிழக்குப் பருவமழை முழுக்க நனைய விட வேண்டும். நின்றால் என் கண் சரி. விழுந்தால் விழுந்தது. அதுவும் பதில்தான்.

"விழும்னு வாயால சொல்லாதிய மேடம். நல்ல காரியம் ஆரம்பிக்கையில" என்றார் அய்யாதுரை. பொங்கலுக்குத் திறப்பு விழாவாம். மேளமாம்.

அக்டோபர் 6

கூரை ஏறிவிட்டது. சாய்மரங்கள் மேலே ஒன்றாகக் கூடுகின்றன, கீழே கம்பங்களின் தலையில் உட்காருகின்றன. கூரையின் பாரம் கம்பங்களை வெளியே தள்ளும். தள்ளாமல் பிடித்துக்கொள்வது சுற்றிலும் கட்டிய பனைநார் வளையம் ஒன்றுதான்.

இவர் இன்று சைட்டுக்கு வந்தார். வளையத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நார் நனைஞ்சா நெகிழுமா?"

"நெகிழட்டும். அதைத்தானே பார்க்கணும்."

காரில் வரும்போது நிற்குமா என்று நானே கேட்டேன். "நிக்கும்" என்றார், ரோட்டைப் பார்த்தபடி.

அக்டோபர் 13

காய்ச்சல். சுவருக்குக் குச்சிப் படல் கட்டியாகிவிட்டது, நாளை அதன் மேல் மண் அப்ப வேண்டும். நான் இல்லாமல் எப்படி?

அக்டோபர் 20

டெங்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தீபாவளி. வெடிச் சத்தம் ஒவ்வொன்றும் மண்டைக்குள் வெடிக்கிறது. இவர் தினமும் சைட்டுக்குப் போய்விட்டு இங்கே வருகிறார். சுவர் முழுக்க மண் அப்பியாகிவிட்டதாம். போனில் காட்டினார். "எல்லாம் நீ சொன்ன மாதிரியே." இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்க்கும் என்று பக்கத்துப் படுக்கை அம்மா கேட்டார்.

அக்டோபர் 27

பார்த்தேன். என் வீடு. ஈர மண் வாசனையோடு உட்கார்ந்திருக்கிறது. இத்தனை வருஷம் காகிதத்தில் வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்த குழிகளுக்கு மேலே ஒரு உருவம் வந்துவிட்டது. உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. ஆரோக்கியமேரி, சின்னப்பையனின் சம்சாரம், சுவரைத் தடவிப் பதம் பார்த்துக்கொண்டிருந்தவர், "இன்னாக்கா, ஜொரம் இன்னும் விடலியா?" என்றார்.

நவம்பர் 12

மழை பிடித்துவிட்டது. தினமும் காலையில் போய்க் கூரை விளிம்பின் உயரத்தை எட்டு இடத்தில் அளக்கிறேன். இறங்கவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

புயல். கரண்ட் இல்லை. வேளச்சேரியில் காரெல்லாம் மேம்பாலத்தின் மேல் ஏறி நிற்கிறது என்கிறார்கள். மாடவீதியில் முழங்கால் தண்ணீர். என்னால் வெளியே போக முடியவில்லை. ஜன்னலோரமே உட்கார்ந்து அது இந்நேரம் படுத்திருக்கும், படுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். இவர் நிம்மதியாகத் தூங்குகிறார்.

டிசம்பர் 2

நின்றது!

ஆட்டோக்காரர் பாதியில் இறக்கிவிட்டார். மீதியைத் தண்ணீரில் நடந்தே போனேன். மைதானத்து வேப்பமரமே சாய்ந்து கிடக்கிறது. என் வீடு நிற்கிறது. அளந்தேன். ஒரு நூல் இறங்கவில்லை. சேற்றில் தனியாக நின்று கை தட்டினேன் — ஐம்பத்திரண்டு வயதில், பைத்தியக்காரி மாதிரி.

அய்யாதுரை போன். "என்ன மேடம், வீடு ஜம்முனு நிக்குல்லா! நான் அப்பவே சொன்னம்லா?" எப்போது சொன்னார் என்று தெரியவில்லை. போகட்டும். ஜனவரிக் கருத்தரங்குக்கு என் கட்டுரைச் சுருக்கம் அனுப்பிவிட்டேன். தலைமை செம்பியன்தான். சாயங்காலம் அவரிடமிருந்து ஒரு செய்தி: 'வாழ்த்துகள்.' ஒற்றைச் சொல். அந்த ஒற்றைச் சொல்லைப் பத்துத் தரம் எடுத்துப் பார்த்தேன். வெட்கமில்லாமல்.

டிசம்பர் 7

ஒரு நூல் கூடவா இறங்காது?

இரண்டு நாளாக இதே யோசனை. நார் நனைந்தால் நெகிழும். புல் நனைந்தால் இரண்டு மடங்கு கனக்கும். எந்தக் குடிசையும் முதல் மழைக்குக் கொஞ்சம் உட்காரும். உட்கார வேண்டும். மரமும் மண்ணும் நாரும் ஒன்றோடொன்று பழக வேண்டாமா? என் அளவுகள் நவம்பர் முதல் இன்று வரை ஒரே மாதிரி. அடுக்குமாடிக் கட்டடம் கூட இவ்வளவு அசையாமல் நிற்காது.

இவரிடம் சொன்னேன். "நல்லா கட்டியிருக்கே, அதான். சந்தோஷப்படு" என்றார்.

டிசம்பர் 9

வடக்குப் பக்கக் கம்பத்தின் அடியில் கரையான் புற்று. சுவர் மண்ணைக் கரணையால் லேசாகச் சுரண்டினேன். மரம் உளுத்துப் பொடியாகக் கொட்டியது. கூரையைத் தாங்குகிற கம்பம் அடியே இல்லாமல் நிற்கிறது. எப்படி?

கரணையை இன்னும் உள்ளே விட்டேன். டிங் என்றது.

இரும்பு.

அடுத்த கம்பம். டிங். அதற்கடுத்தது. டிங். ஏணி போட்டு ஏறி வளையத்தின் நாரைப் பிரித்தேன். உள்ளே கம்பி வளையம், மேலே பனைநார் அழகாகச் சுற்றியிருக்கிறது. அவ்வளவு நேர்த்தி. நகத்தால் கீறினால்கூடத் தெரியாது.

ஏணியிலேயே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரமென்று தெரியாது.

டிசம்பர் 10

சின்னப்பையனைப் பிடித்தேன். முதலில் "எனக்குத் தெர்யாது மேடம்" என்றார். அப்புறம் "என்னியக் கேட்டா? சார்தான் கம்பிய எறக்கினாரு. நீங்க ஆஸ்பத்திரில இருந்தீங்கோ. மேடம்கிட்ட சொல்லாதன்னாரு. புருசன் பொஞ்சாதிக்குள்ள நான் இன்னாத்துக்குப் பூந்துக்கினு?" என்றார். கடைசியில் ஒரு வார்த்தை வேறு: "ஆனா சார் வேல சுத்தம் மேடம். புயலுக்கே அசையலியே!"

வீட்டுக்கு வந்தேன். இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். துருப்பிடித்த கட்டுக்கம்பித் துண்டு ஒன்றை எடுத்து வந்திருந்தேன். பேப்பர் மேல் போட்டேன்.

அதை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். "ஸ்கூல் பசங்க வந்து பார்ப்பாங்க, ஷீலா. உள்ள இருக்கும்போது விழுந்தா?"

"பசங்க வரப்போறது பொங்கலுக்கு அப்புறம். மழையில யாரையும் உள்ள விடப்போறதில்லைன்னு உங்களுக்குத் தெரியும். உண்மையைச் சொல்லுங்க."

சொன்னார். வரைபடத்தைப் பார்த்த அன்றைக்கே தெரியுமாம். விழும் என்று. நார் வளையம் தாங்காது என்று.

"அப்புறம் ஏங்க தினம் நிக்கும் நிக்கும்னு சொன்னீங்க?"

"உன் முகத்தைப் பார்த்துட்டு வேற என்ன சொல்லச் சொல்றே? அந்தக் கருத்தரங்குக்கு அப்புறம் ஒரு மாசம் நீ சரியா சாப்பிடலை. இன்னொரு தரம் அதைப் பார்க்க என்னால முடியாது. ஒரு கட்டடம் விழும்னு தெரிஞ்சு கையைக் கட்டிக்கிட்டு நிக்க நான் படிக்கலை."

கட்டடமாம். அது கட்டடமில்லை. கேள்வி. நான் ஒரு கேள்வி கேட்டேன். பதில் வருவதற்குள் இவர் போய் அதன் வாயைப் பொத்திவிட்டார். செம்பியனாவது எழுந்து நின்று, அத்தனை பேர் முன்னால், நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். இவர்? கஞ்சி கொண்டுவந்து ஊட்டிக்கொண்டே, நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே — எல்லாம் நீ சொன்ன மாதிரியே! ச்சே. எந்த வாயால சொன்னாரு?

அவ்வளவு அன்பு எனக்கு வேண்டாம். கொஞ்சம் மரியாதை போதும்.

டிசம்பர் 11

பேசவில்லை.

டிசம்பர் 13

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று எழுதினேன். அதுவும் பொய்தானே? மறுபடி எழுதினேன்: 'சுவருக்குள் இரும்புக் கம்பி இருந்தது தெரியவந்ததால்.' அனுப்பிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டேன். பதில் வரவில்லை. யாரெல்லாம் சிரித்துக்கொண்டிருக்கிறார்களோ.

டிசம்பர் 16

தி.நகர். கடையின் மூன்றாவது மாடியில் அய்யாதுரையின் அறை. கம்பி விஷயத்தைச் சொன்னேன். அதிர்ச்சியடைவார் என்று எதிர்பார்த்தேனே, என்னைச் சொல்ல வேண்டும். முறுக்கை நீட்டினார்.

"மேடம், கீழ கண்ணாடிக்குள்ள பொம்மை நிக்குல்லா? அதுக்குள்ள கம்பிதான் இருக்கு. எந்தப் பொம்பளையாவது கம்பியப் பாத்தாளா? சேலையத்தானே பாக்கா? உங்க வீட்டுக்காரரு நல்ல காரியம் பண்ணிருக்காரு. நமக்குள்ள இருக்கட்டும்."

கம்பியை எடுத்துவிட்டு மறுபடி நனைத்துப் பார்க்க வேண்டும் என்றேன். "கோட்டி பிடிச்சிருக்கா மேடம்?" என்றார். திறப்பு விழாவில் மைக் முன்னால் நின்று நானே சொல்வேன் என்றேன். முறுக்கைக் கீழே வைத்தார். ஜனவரி கடைசி வரை என் இஷ்டமாம். அதற்குப் பிறகு அவர் இஷ்டமாம். பெரிய மனசு!

ஆனால் மழை முடிந்துவிட்டதே. ஜனவரியில் எங்கே போய் மழையைப் பிடிப்பது?

டிசம்பர் 28

இவர் இன்று சமையலறை வாசலில் வந்து நின்றார். இரண்டு வாரமாக உப்புக்கும் புளிக்கும் மட்டும்தான் பேச்சு. "தண்ணி லாரி போதும்" என்றார்.

"என்னது?"

"கூரை எவ்வளவு, ஐப்பசி கார்த்திகை மழை எவ்வளவுன்னு கணக்குப் போட்டேன். லாரித் தண்ணியை மேல அடிச்சா அதே கனம்தான். மூணு நாள்ல மழைக்காலம் மொத்தமும் இறக்கிடலாம்."

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை. "கம்பியை யார் எடுக்கிறது?"

"போட்டவன்தான்."

ஜனவரி 3

கம்பி எடுத்தாயிற்று. இவரும் சின்னப்பையனும் சுவரைக் கோடாகக் கீறி ஒவ்வொன்றாக உருவினார்கள். கரையான் தின்ற கம்பத்துக்குப் பதில் புதிய உசிலை. பழைய நாரை நீக்கிப் புது நார் வளையம். ஆரோக்கியமேரி மறுபடி மண் அப்பினார். நான் ஒரு நிமிஷம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. இவர் கண்ணில் படவேண்டும் என்றே நாற்காலியை நடுவில் போட்டு உட்கார்ந்திருந்தேன். இது அற்பத்தனம். தெரியும். உட்கார்ந்திருந்தேன்.

"போடச் சொன்னா போட்றோம், புடுங்கச் சொன்னா புடுங்கறோம்" என்றார் சின்னப்பையன். "எங்குளுக்கு இன்னா மேடம், ரெண்டு கூலி."

ஜனவரி 15

பொங்கல். மண் காய்ந்துகொண்டிருக்கிறது. இன்றும் போய்ப் பார்த்தேன். வெடிப்பு ஏதுமில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

லாரி வந்தது. முதல் நாள். வீட்டைத் தொடாமல் தனியாக நிறுத்திய ஏணி மேல் நின்று குழாயைப் பிடித்தவர் இவர். ஆளை வைத்துக்கொள்ளலாம் என்றேன், கேட்கவில்லை. காலனி ஜனங்கள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். குடிக்கத் தண்ணீருக்கே லாரியை எதிர்பார்க்கிற ஊரில் ஒரு குடிசையைக் குளிப்பாட்டுகிறோம். ஒருத்தர் அதைக் கேட்கவும் கேட்டார்.

கூரை விளிம்பு ஓர் அங்குலம் இறங்கியது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? கடைசியில் அது பேச ஆரம்பித்தது.

ஜனவரி 19

மூன்று அங்குலம். தெற்குப் பக்கக் கம்பங்கள் வெளியே சாய்கின்றன. இவர் முகம் வெளுத்துப்போயிருக்கிறது. குழாயை மட்டும் விடவில்லை.

ஜனவரி 20

விழுந்துவிட்டது.

மத்தியானம். நான் தெற்கே, யாரும் கிட்டே போகாதபடி கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். நார் அறுந்த சத்தம் இல்லை, ஏதோ நழுவுகிற மாதிரி ஒரு முனகல். இவருக்கு அது முதலில் கேட்டிருக்க வேண்டும். குழாயை ஒரு கையில் பிடித்தபடியே இன்னொரு கையைக் கூரைப் பக்கம் நீட்டினார். தாங்கிப் பிடிப்பது போல. அப்புறம் அந்தக் கையை மடக்கிக்கொண்டார். நான் பார்த்தேன். அவர் அதைச் செய்ததையும் பார்த்தேன், செய்யாமல் விட்டதையும் பார்த்தேன்.

கூரை அப்படியே உட்கார்ந்தது. சுவர்கள் விரிந்து வெளியே சாய்ந்து படுத்தன. "அவ்ளோதான் மேடம், படுத்துக்கிச்சி" என்றார் சின்னப்பையன். இவர் தண்ணீரை நிறுத்தவில்லை. இடிந்து கிடந்த மண் மேல் அடித்துக்கொண்டே இருந்தார்.

"போதுங்க. இறங்கி வாங்க" என்றேன்.

நடுக்கம்பம் இல்லாமல் நிற்காது. அப்படியானால் நடுக்குழி இருந்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை. பதினைந்து வருஷம் ஒரு ஆளைத் திட்டிக்கொண்டிருந்தேன், அந்த ஆள் சொன்னது சரி. புருஷன் சொல்லாமல் மறைத்தது, அதுவும் சரி. எல்லோரும் சரி. நல்லது. சாப்பிடவில்லை. இவர் சாப்பிடச் சொல்லவில்லை.

ஜனவரி 21

நிதானமாக எழுத வேண்டும்.

விழுந்ததை விழுந்தபடியே படம் வரையப் போனேன். ஆராய்ச்சி முடிந்தால் முடிந்ததாகப் பதிவு செய்ய வேண்டுமே, அந்தக் கடமைக்கு. சுவர் மண் வட்டத்துக்கு வெளியே, தெற்கே நீண்டு, ஓரத்தில் மெலிந்து கிடந்தது. வரைந்துகொண்டே வந்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. இதை நான் ஏற்கெனவே வரைந்திருக்கிறேன்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து மேட்டுக்கொல்லைப் படத்தை எடுத்தேன். சுவர் மண் வட்டத்துக்கு வெளியே. ஓரத்தில் மெலிந்து. அதே சாய்வு. நடுவில் கம்பம் இருந்திருந்தால் கூரையின் பாரத்தை அதுதான் வாங்கியிருக்கும். கம்பங்களை வெளியே தள்ள எதுவும் இருந்திருக்காது. சுவர் இப்படி மலர்ந்து விழுந்திருக்காது. இவரிடம் இரண்டு படத்தையும் காட்டிக் கேட்டேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நடுக்கம்பம் இருந்தா இப்படி விழாது" என்றார்.

அந்த வீடும் விழுந்தது! நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் அவர்களும் நடுக்கம்பம் இல்லாமல் கட்டினார்கள். ஒரு மழையில் விழுந்தது. வெளியே நின்று பார்த்திருப்பார்கள், எங்களைப் போல. விழுந்ததால்தான் எனக்குக் கிடைத்தது. மண்ணுக்கடியில் நாங்கள் தோண்டி எடுப்பதெல்லாம் விழுந்த வீடுகள்தானே? நின்ற வீடு எவனுக்குக் கிடைத்தது? நானே ஒரு முட்டாள். நின்றால்தான் நான் சரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கம்பிகள் மட்டும் அங்கேயே இருந்திருந்தால் எல்லோரும் என்னைப் பாராட்டியிருப்பார்கள், எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

கம்பியை உருவியதற்கு இவரிடம் நன்றி சொல்லவில்லை. லாரி யோசனைக்கும் சொல்லவில்லை.

பிப்ரவரி 10

அய்யாதுரையின் இஷ்டம் தொடங்கிவிட்டது. விழுந்த மண்ணை ஒரு பொக்லைன் வாரிக்கொண்டு போயிற்று. "விழுந்த வீட்டை எவன் மேடம் டிக்கெட் எடுத்துப் பாக்க வருவான்?" அதே இடத்தில் கான்கிரீட் தூண். மேலே மரப்பட்டை மாதிரி சிமெண்ட் பூசி, ஃபைபர் புல். என் பெயரைப் போடக் கூடாது என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 2

போட்டிருக்கிறார்கள். 'பழந்தமிழர் இல்லம். ஆலோசனை: முனைவர் ஷீலா தங்கவேல்.' வாசலில் வாழைமரம். பசங்கள் வரிசையாக உள்ளே போய் செல்ஃபி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஒரு டீச்சர், "நாலாயிரம் வருஷமா எப்படி ஸ்ட்ராங்கா நிக்குது பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தேன். பசங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். அதற்காக வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன்.

மார்ச் 9

என் கட்டுரை ஆய்விதழுக்குப் போயிருக்கிறது. முதல் வீடு, கம்பி, யார் போட்டது, ஏன் போட்டது, இரண்டாவது வீடு, லாரி — எல்லாம் எழுதினேன். கம்பி போட்டவர் 'கட்டுமானப் பொறியாளர் ஒருவர்' என்று எழுதியிருந்தேன். இவர் படித்துவிட்டு, "பேரைப் போடு" என்றார். போட்டேன்.

இப்போதெல்லாம் இவர் எது சொன்னாலும் எனக்குச் சந்தேகம். புடவை நன்றாக இருக்கிறது என்றால் மாற்றிக்கொள்கிறேன். நீ சொல்வதுதான் சரி என்றால் மறுபடி யோசிக்கிறேன். இது எப்போது சரியாகும்? சரியாகுமா?

மார்ச் 22, ஞாயிறு

காலையில் செம்பியன் போன் செய்தார். பதினைந்து வருஷத்தில் முதல் தடவை. ஆய்விதழ்க்காரர்கள் கருத்துக் கேட்டு அனுப்பிய என் கட்டுரையைப் படித்தாராம். சுற்றி வளைத்து ஏதேதோ பேசினார். அப்புறம், பாலாற்றங்கரையில் அவர் தோண்டிய வீடுகளின் படங்களை எடுத்து வைத்துப் பார்த்தாராம். இரண்டு வீட்டில் சுவர் மண் வெளியே கிடக்கிறதாம். "நடுக்குழி கிடைக்கலைம்மா. இருந்திருக்கும்னு நானே புள்ளிக்கோடு போட்டு வரைஞ்சுட்டேன்" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. வியாழக்கிழமை வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். வருகிறேன் என்றேன். போனை வைத்த பிறகு குதிக்க வேண்டும் போல இருக்கும் என்று எத்தனையோ வருஷமாக நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. களைப்பாக இருந்தது.

இவரிடம் சொன்னேன். கண் நிறைந்துவிட்டது. "நானும் வரட்டுமா? கார் ஓட்டறேன்."

"வேண்டாம். பஸ்ல போய்க்கிறேன்."

தலையை ஆட்டினார்.

மத்தியானம் மனசு எங்கோ இருக்க வத்தக்குழம்பு வைத்தேன். இவர் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டார். வழக்கமாக இந்த இடத்தில் 'பிரமாதம்' வரும். வரவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் தயங்கினார்.

"உப்பு ஜாஸ்தி, ஷீலா. வாயில வைக்க முடியலை."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். நானும் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஜாஸ்திதான். எழுந்து போய் மோர் கொண்டுவந்து இரண்டு பேருக்கும் ஊற்றினேன்.